மணி அடித்தால் எரியும் விளக்கு

இப்போதெல்லாம் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வாசலில் நின்றுகொண்டே போன் போடுகிறார்கள். பொட்டலம் கொண்டுவருகிறவன் அதைக் கதவடியில் வைத்து, அதற்கு ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் தாவி இறங்கிப் போய்விடுகிறான். பொட்டலத்தைப் படம் எடுக்கத் தெரிகிறது. உள்ளே ஆள் இருக்கிறதா, விழுந்து கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தெரியவில்லை. பெற்ற மகனே ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைக் காட்டி, "அப்பா, கூரையக் காட்டாதீங்க, மூஞ்சியக் காட்டுங்க" என்கிறான். காட்டியதும், "சரி, நல்லாத்தான் இருக்கீங்க" என்று அவனே முடிவு செய்துகொண்டு அணைத்துவிடுகிறான். இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன். மூன்று பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நேரமா பெல் அடிச்சோம் தாத்தா" என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

"தெரியாதவங்களுக்குக் கதவைத் திறக்கிறதில்ல."

"திறந்துட்டீங்களே" என்றான் பின்னால் நின்ற ஒருவன், பாதித் தூக்கத்தில் இருப்பவன் மாதிரி.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் தெரிந்ததுதான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாக வெளியே ஊன்றிப் பார்ப்பான். சில்லறை இல்லாதவன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான். இந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அதனால், "கார்டை எடுங்க" என்றேன். பாஸ் கேட்கிற குரல் இன்னும் அப்படியே இருக்கிறது போல. மூவரும் கழுத்தில் தொங்கிய காலேஜ் அட்டையை நிமிர்த்திக் காட்டினார்கள். படத்தில் இருந்த முகங்கள் எதிரே இருந்த முகங்களைவிட யோக்கியமாக இருந்தன. நெட்டையாக ஒருவன், தூங்குமூஞ்சி ஒருவன், கண்ணாடிக்காரி. பெயரும் அட்டையில் இருந்தது. நான் படிக்கவில்லை. வந்தவர்கள் வந்த வழியே போகப் போகிறார்கள், பெயர் எதற்கு?

அந்தப் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். இன்ஜினியரிங் முதல் வருஷமாம். பொறியியல் அறிமுகம் என்று ஒரு பாடமாம். இன்ஜினியர் என்றால் யார், அந்த வேலை எப்படி இருக்கும் என்று உள்ளே வந்த பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பதற்காக வைத்தது. புத்தகம் கிடையாது. வெளியே போய் முன்பின் தெரியாத ஒரு ஆளைப் பிடித்து, அவருக்கு உள்ள ஒரு கஷ்டத்தைக் கேட்டு, அதற்கு ஒரு பொருள் செய்து கொடுக்க வேண்டும்.

"உங்களுக்கு என்ன பிரச்சனை தாத்தா?"

"இப்போதைக்கு நீங்க மூணு பேரும்தான்."

நெட்டையன் அதை உண்மையாகவே எழுதிக்கொள்ளப் பார்த்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "கீழ் வீட்டுல, மேல் வீட்டுல எல்லாம் கேட்டுட்டோம். ஒரு பிரச்சனையும் இல்லைன்னுட்டாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ் வீட்டில் நேற்றுகூடப் பாத்திரம் பறந்தது. சத்தம் எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு பெரிய பாத்திரமோ.

"பெல் அடிச்சது கேக்கலையா தாத்தா?" என்று அவள் திடீரென்று கேட்டாள். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். அந்தக் காலத்து பஸ்களில் இன்ஜின் உள்ளேயே இருந்து உறுமும். அதன் பக்கத்தில் நின்றே பாதி ஆயுள் போயிற்று. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்லிவிட்டேன். உள்ளே போனால் பெல் சத்தம் எட்டாது என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை, பிக்பாக்கெட்காரர்கள் பார்த்துக்கொள்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

"பெல்லை அழுத்தினா உள்ள விளக்கு எரியற மாதிரி செஞ்சா?" என்றான் நெட்டையன்.

அப்படித்தான் அது தொடங்கியது. மகனிடம் சொன்னேன். "யாரையும் உள்ள விடாதீங்கப்பா, பேசிப் பேசியே வீட்டையே எழுதி வாங்கிடுவாங்க" என்றான். இருக்கிறது ஒன்றரை அறை, வாடகைக்கு. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும்.

வாரத்துக்கு ஒரு சாயங்காலம் வந்தார்கள். முதலில் வீட்டை அளந்தார்கள். நான் எங்கே உட்காருவேன், உட்கார்ந்தால் எந்தப் பக்கம் பார்ப்பேன், சமையல் மேடையில் நின்றால் முதுகு எந்தப் பக்கம் இருக்கும், படுத்தால் தலை எங்கே என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் என் மனைவிகூட என்னை இவ்வளவு கேட்டதில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன என்று இருந்தேன். இவர்கள் அதைப் படம் போட்டு, அம்புக்குறி வைத்தார்கள். படத்தில் நான் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'யூசர்' என்று எழுதியிருந்தது.

"யூசர்னா?"

"பயன்படுத்துறவர். நீங்கதான் தாத்தா."

"எனக்கு வச்ச பட்டப்பேரா?"

"எல்லாருக்கும் அதான்" என்றான் தூங்குமூஞ்சி. "பக்கத்து குரூப்புல யூசர் ஒரு பாட்டி. எங்க வாத்தியாரம்மாவுக்கு நாங்க யூசர். அவங்களுக்கு எங்களால ஒரு பயனும் இல்ல, அது வேற."

வீட்டில் சாமான் அதிகம் இல்லை. கோப்பைகள் நான்கும் நான்கு ஜாதி, ஒன்றுக்குக் காது கிடையாது. டீ போட்டேன். காது இல்லாத கோப்பையை நான் எடுத்துக்கொண்டேன், பொருத்தமாக இருக்கட்டும் என்று. நெட்டையன் தரையில் அட்டையை விரித்து ஒயரை உரித்தான். தூங்குமூஞ்சி சுவரில் சாய்ந்தபடியே சூட்டுக்கோலால் ஈயத்தைப் பற்றவைத்தான். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாது, ஆனால் ஒட்டு சரியாக விழுந்தது. கண்ணாடிக்காரி ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு?" என்று கேட்டாள். அவள் தெரிந்தே கேட்கிறாளா தெரியாமல் கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூவரும் சண்டை போடுவார்கள். "நீ ஒண்ணும் கிழிக்கல" என்பான் ஒருவன். "கிழிச்சதெல்லாம் நீதான், அதான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்" என்பாள் அவள். ஈயப் புகை நாற்றமும் அவர்களுடைய செருப்பு நாற்றமும் அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஜன்னலைத் திறக்க மாட்டேன்.

ஒரு நாள் கேட்டேன், "இன்ஜினியர் ஆகி என்ன பண்ணப் போறீங்க?"

"பெரிய கம்பெனி. வெளிநாடு" என்றான் நெட்டையன், பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல. அவன் வீட்டில் அப்பா, அண்ணன், அத்தை எல்லோரும் இன்ஜினியராம்.

"வேலை கிடைச்சா சொல்லி அனுப்புறேன்" என்றான் தூங்குமூஞ்சி.

அவள் மட்டும் யோசித்தாள். "தெரியல தாத்தா. முதல் வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்துட்டு, அப்புறம் எந்தப் பிரிவுன்னு சொல்லணும். எனக்கு எதைத் தொட்டாலும் பரவாயில்லைன்னு இருக்கு. எதுவும் இதுதான்னு இல்ல. உங்களுக்கு உங்க வேலை பிடிச்சுதா?"

"பிடிக்கிறதுக்கா வேலைக்குப் போனேன்? வயித்துக்குப் போனேன்" என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரைச்சலும் வியர்வையும் மிதிபட்ட கால்விரலுமாக இருந்தாலும், ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள், அது நின்ற அன்றைக்குக் கை சும்மா தொங்கிற்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்கிற பிள்ளை என்ன செய்யும் அதை வைத்துக்கொண்டு?

விளக்கு தயாரானது. வாசல் பெல்லை அழுத்தினால் என் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒரு பெட்டியில் மஞ்சள் வெளிச்சம் மினுக் மினுக்கென்று எரிந்து அணையும். நெட்டையன் வெளியே போய் அழுத்தினான். எரிந்தது. அவள் போய் அழுத்தினாள். எரிந்தது. தூங்குமூஞ்சியும் எழுந்து போய் அழுத்தினான், அது பெரிய விஷயம். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எங்க வாத்தியாரம்மா ஒரே ஒரு விதிதான் சொல்லியிருக்காங்க தாத்தா" என்றாள் அவள். "நாங்க சரின்னு சொன்னா சரி இல்ல. நீங்க சரின்னு சொல்லணும். நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது. அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

அவள் மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. நான் எழுந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றேன்.

அடுத்த வாரம் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். மங்கலாக இருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், சமையல் மேடையில் நின்றால் தெரியவில்லை என்றேன். அங்கே இன்னொரு விளக்கு வந்தது. அது சிவப்பாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்த மாதிரி இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றேன். பச்சை வந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஒரு பொருளில் குறை கண்டுபிடிக்கப் பொய் வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்தால் போதும். எனக்கு நேரம் இருந்தது. நெட்டையனுக்கு முகம் இறுக ஆரம்பித்தது. "தாத்தா, நீங்க எங்க காலேஜுல வாத்தியாரா சேரலாம், எதையும் பாஸ் போட மாட்டீங்க" என்றான். டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தான்.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு சாயங்காலம், அவர்கள் வருகிற நாள் அல்ல, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கலாமே என்று நானே வெளியே போய்ப் பெல்லை அழுத்தினேன். கதவைப் பாதி திறந்து வைத்திருந்தேன். உள்ளே இருட்டில் அந்த மஞ்சள் வெளிச்சம் எழுந்து சுவரையும் நாற்காலியையும் காட்டியது. வெளியிலிருந்து பார்க்க, யாரோ உள்ளே இருந்துகொண்டு விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. வேகமாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி போய் அழுத்தினேன். மறுபடியும் அணைந்துவிட்டது. என் கால் அந்த வேகத்துக்கு வராது.

அடுத்த முறை வந்தபோது, "சீக்கிரம் அணைஞ்சுடுது. ரொம்ப நேரம் எரியணும்" என்றேன்.

"எழுந்து போய்க் கதவைத் திறக்கப் போறீங்க, எதுக்கு அவ்வளவு நேரம்?" என்றான் நெட்டையன்.

"என் காலைக் கேளு."

நீட்டிக் கொடுத்தார்கள். இப்போது அழுத்திவிட்டு, உள்ளே வந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள், நான் இன்னும் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். எழுந்து போகலாம், போகாமலும் இருக்கலாம், அவர்கள் நிற்பார்கள். அணைந்ததும் எழுந்து போய் மறுபடி அழுத்துவேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியாமல் இல்லை. ஒரு தரம் எதிர் வீட்டு நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பி வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, உங்க வீட்டு பெல்லை நீங்களே அடிக்கிறீங்க? சாவி மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. உள்ள ஆள் இருக்கான்னு பார்த்தேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்ல பெண். அவளுக்கும் என்னைப் பார்த்தால் ஓரிரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும், அதற்கு மேல் அவளுக்குப் பஸ் போய்விடும்.

கடைசியாக ஒரு நாள் மூவரும் வந்து, டீ வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரம் காலேஜில் எல்லா குரூப்பும் தாங்கள் செய்ததைக் காட்ட வேண்டுமாம். அடுத்த வருஷம் சேரலாமா என்று பார்க்கப் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளும் வருவார்களாம். யூசரும் வர வேண்டும், வாத்தியாரம்மா எல்லார் முன்னாலும் கேட்பார்.

"நான் சரியில்லைன்னு சொன்னா?"

"எங்களுக்கு இந்தப் பாடம் போச்சு" என்றான் நெட்டையன், என்னைப் பார்க்காமல். "அடுத்த செமஸ்டர் முதல்ல இருந்து. மறுபடி இங்கதான் வரணும்."

அவன் அதை மிரட்டலாக நினைத்துத்தான் சொன்னான். நான் ராத்திரி படுக்கிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ஆறு மாதம். முதல்ல இருந்து. அளவெடுப்பதிலிருந்து. மார்க் போனால் பிள்ளைகள் செத்துப்போய்விடப் போவதில்லை. நெட்டையனுக்கு வீடு நிறைய இன்ஜினியர், தூங்குமூஞ்சி எங்கே இருந்தாலும் தூங்குவான். கண்ணாடிக்காரியை நினைத்தபோதுதான் கொஞ்சம் இடித்தது. எதுவும் இதுதான் என்று இல்லை என்கிறவள், இதுவும் போனால் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ? போனால் போகட்டும், வேறு எதையாவது படிப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு குறையும் தயாராக வைத்திருந்தேன். பகலில் திரைச்சீலையைத் திறந்து வைத்தால் வெயிலில் விளக்கு எரிவதே தெரிவதில்லை. உண்மையான குறை. யாரும் மறுக்க முடியாது.

காலேஜ் மண்டபம் பெரியது. நாற்காலிகள் எல்லாம் புதிது, உட்கார்ந்தால் பின்னால் சாயும், எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். நான் எழுந்திருக்கப் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் யூசர்களுக்கு இடம். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவி, தூங்குமூஞ்சி சொன்ன பக்கத்து குரூப்பு பாட்டி. அவள் என்னிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன செஞ்சாங்க?" என்றாள். "விளக்கு. உங்களுக்கு?" என்றேன். "ஜாடி மூடி திறக்கிற மெஷின். ஜாடியே உடைஞ்சுபோச்சு" என்றாள்.

வாத்தியாரம்மா ஒல்லியாக, சின்ன வயதாக இருந்தார். மைக்கில் பேசியதால் எனக்கு நன்றாகக் கேட்டது. புதிதாக வந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். "இன்ஜினியரிங்னா மெஷின்னு நினைச்சுட்டு வந்திருப்பீங்க. மெஷின்ல ஆரம்பிக்காதீங்க. மனுஷன்ல ஆரம்பிங்க. அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க. அவர் சொல்றதைக் கேளுங்க, சொல்லாததையும் கவனிங்க. பாலம் கட்டினாலும் சரி, பொத்தான் செஞ்சாலும் சரி, நாளைக்கு நீங்க எந்த வேலைக்குப் போனாலும் இதான்." எல்லோரும் கை தட்டினார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. காதுக்கு நன்றாக இருக்கிற எதையும் நான் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் முறை வந்தது. நெட்டையன் என் வீட்டுச் சுவரிலிருந்து முந்தின நாள் கழற்றிக்கொண்டு போன பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசினான். பெட்டியிலிருந்து தொங்கிய ஒயர் ஆடிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு திரையில் ஒரு படம் வந்தது. நாளுக்கு ஒன்றாக வரிசையாகக் கம்பங்கள், சில குட்டையாக, சில உயரமாக.

"பெட்டிக்குள்ள ஒரு சின்ன கவுண்டர் வச்சிருக்கோம்" என்றான். "பெல்லை எப்ப அழுத்தினாலும் அது நேரத்தோட குறிச்சுக்கும். இதோ, கடைசி ரெண்டு வாரம். எங்க யூசர் வீட்டுக்கு நிறைய பேர் வர்றாங்க, தினமும் சாயங்காலம் வர்றாங்க. ஒரு தடவைகூட விளக்கு எரியாம இருந்ததில்ல."

அந்தக் கவுண்டரை வைத்தது தூங்குமூஞ்சியாம். அவன் தானாக யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான், அதை எனக்கென்று செய்திருக்கிறான். கம்பங்கள் அத்தனையும் என்னுடையவை. நான் எழுந்து போய் அழுத்தியவை. உயரமான கம்பம் போன ஞாயிற்றுக்கிழமை, மகன் போன் செய்யாத அன்று. அவ்வளவு பெரிய திரையில், இத்தனை பிள்ளைகள் முன்னால், பச்சை நிறத்தில் அது நின்றது. யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. நெட்டையன் பெருமையாக அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரி மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாரம்மா என் பக்கம் மைக்கை நீட்டினார். "ஐயா, தினமும் இவ்வளவு பேர் வீட்டுக்கு வர்றாங்களா? கொடுத்துவச்சவர் நீங்க."

மடக்கு நாற்காலி என் பின்னால் தட்டென்று மடங்கியது. "வருவாங்க" என்றேன். "பழைய டிப்போ ஆளுங்க."

மண்டபத்தில் சிரித்தார்கள், நல்ல விதமாகத்தான். "அப்ப சொல்லுங்க. இந்தப் பிள்ளைங்க செஞ்சது உங்களுக்குச் சரியா இருக்கா?"

வெயிலில் தெரிவதில்லை என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு அதை விழுங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறை சொன்னால், இவ்வளவு பேர் வந்து அழுத்தியும் குறையா என்று கேட்பார்கள். கேட்டால் அந்தப் படத்தை இன்னொரு தரம் உற்றுப் பார்ப்பார்கள். சொல்லாததையும் கவனியுங்கள் என்று சற்று முன்புதான் அந்த அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். படத்தைத் திரையிலிருந்து இறக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"சரியா இருக்கு" என்றேன்.

கை தட்டினார்கள். நெட்டையன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தூங்குமூஞ்சி முதல் தடவையாக முழுக் கண்ணையும் திறந்திருந்தான். படம் போய், ஜாடி மூடி மெஷினின் படம் வந்தது. நான் உட்காரவில்லை. ஓரமாக நடந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே தாழ்வாரத்தில் பாதி தூரம் போனபோது தோளில் கை பட்டது. கண்ணாடிக்காரி. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. இடது பக்கமாக ஓடி வந்திருக்கிறாள். சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள்.

"பெட்டியை இங்க கொஞ்ச நாள் பார்வைக்கு வைக்கணுமாம் தாத்தா. அப்புறம் நான் கொண்டுவந்து மாட்டிடறேன்."

"வேணாம். இங்கயே வச்சுக்குங்க. அழகா இருக்கு."

"அந்தப் படத்தைப் போடாதடான்னு சொன்னேன் தாத்தா. அவன் கேக்கல."

"ஏன், போட்டா என்ன?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. "ஒவ்வொரு தடவையும் விளக்கு அணைஞ்சப்புறம்தான் அடுத்தது அழுத்தியிருக்கு" என்றாள் மெதுவாக. "எரியும்போது ஒருத்தர்கூட அழுத்தல."

"டிப்போ ஆளுங்க அப்படித்தான். ஒருத்தன் இறங்கினப்புறம்தான் அடுத்தவன் ஏறுவான்."

"சரி தாத்தா" என்றாள். நான் சொன்னதை நம்பியவள் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அது அவளுக்கு வரவில்லை. "நான் வருவேன்" என்றாள். "பாடத்துக்கு இல்ல. சும்மா."

"உனக்குப் படிக்கிறதுக்கு ஆயிரம் இருக்கும். எந்தப் பிரிவுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"இல்ல. ஆனா விட மாட்டேன்னு நினைக்கிறேன்."

"ஏன்?"

"தெரியல. அந்தப் படத்தைப் பார்த்தப்ப, இதை நாம தப்பா செஞ்சுட்டோம்னு தோணுச்சு. விளக்கு சரிதான். வேற எதையோ செஞ்சிருக்கணும். என்னன்னு தெரியல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "எந்த நாள் வரட்டும் தாத்தா? செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று அப்போது தெரியவில்லை. அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் கஷ்டம் என்ன என்று கேட்டு வந்தவர்கள் வேறு, கஷ்டம் தெரிந்துவிட்டதால் வருகிறவர்கள் வேறு. முதலாவது ஆட்கள் வந்தபோது நான் குறை சொல்லலாம், காலைக் கேளு என்று அதட்டலாம், காது இல்லாத கோப்பையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆட்கள் வந்தால் நான் நன்றாக இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கும். அப்படி வருகிறவர்கள் முதல் வாரம் வருவார்கள். அடுத்த வாரம் பரீட்சை வரும். அதற்கடுத்த வாரம் போன் வரும், அதற்குப் பிறகு அதுவும் வராது. அது அவர்கள் தப்பு இல்லை, வயது அப்படி.

"உங்க வாத்தியாரம்மா கூப்பிடறாங்க பாரு" என்றேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் நான் நடக்க ஆரம்பித்தேன்.

"செவ்வாய்க்கிழமை தாத்தா" என்று வலது பக்கமாகவே வந்து சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்று.

"பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வயதில் தெரியாது.

மண்டபத்து வெளிப்படிகளில், உள்ளே இடம் கிடைக்காத புதுப் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் காலேஜ் கொடுத்த வழவழப்பான காகிதம், பாலத்தின் படம் போட்டது. இறங்க வழி இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். ஒருவன் பேச்சை நிறுத்தாமலே காலை மடக்கிக்கொண்டான். அவன் மடக்கியதும் அடுத்தவனும் மடக்கினான், அதற்குக் கீழே இருந்தவளும். படிப்படியாக எனக்கு ஒரு கால் அகலத்துக்கு வழி திறந்துகொண்டே போயிற்று. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் இறங்கிப் போன பிறகு, ஒவ்வொரு படியாகக் கால்கள் மறுபடி நீண்டுகொண்டன.